வதந்தியும் தடையும்: கொட்டாஞ்சேனையிலிருந்து திகன வரை

2018 மார்ச் 7ஆம் திகதி இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன முடக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. முதல் நாள் அவசரகால நிலை பிரகடனமாகியிருந்தது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பணிப்பின் பேரில் இத்தடை வந்தபோது எம்மவருள் அநேகர் ஆறுதலடைந்தனர். எமக்கு எதிரான நஞ்சு எங்கிருந்து பாய்கிறதோ அந்தக் குழாயையே அரசு மூடிவிட்டது என்ற ஆறுதல் அது.

அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் நியாயமானது? அதற்குப் பின்னர் 2019இலும் 2022இலும் இதே கதவு மீண்டும் மீண்டும் மூடப்பட்டது. இன்று அந்நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, இது வெறும் தொழில்நுட்பக் காலத்துப் பிரச்சினை அல்ல என்பது தெளிவாகிறது. சமய உணர்வு புண்பட்டது என்ற செய்தி பரவுவதும், கூட்டம் திரள்வதும், அரசு குற்றவாளியை விட்டுவிட்டு ஓசையை நிறுத்த முனைவதும் எமது நாட்டில் நூற்று நாற்பது ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் முதல் அத்தியாயங்களில் ஒன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் எழுதப்பட்டது.

கொட்டாஞ்சேனை, 1883

கொட்டாஞ்சேனை தீபதுத்தாராம விகாரை மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் இருப்பிடம். 1873இல் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களுடன் நடந்த விவாதத்தின் மூலம் பெயர் பெற்றவர் அவர். விகாரைக்கு அண்மையிலேயே கத்தோலிக்கரின் புனித லூசியா பேராலயமும் இருந்தது. 1883இன் தொடக்கத்தில் விகாரையில் புதிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் விழா நடைபெற்றது. பல ஊர்களிலிருந்தும் பெரஹெரக்கள் கொட்டாஞ்சேனை நோக்கி வந்தன. அவ்விழாவின் நாட்களும் கத்தோலிக்கரின் பரிசுத்த வாரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பொரளைப் பக்கமிருந்து வந்த பெரஹெர கொட்டாஞ்சேனையை நெருங்கியபோது தாக்கப்பட்டது. அதற்கு முன்னரே ஒரு செய்தி கத்தோலிக்க மக்களிடையே பரவியிருந்தது. சிலுவையையும் கன்னி மரியாளையும் இழிவுபடுத்தும் உருவங்களைப் பௌத்தர்கள் ஊர்வலத்தில் எடுத்துவருகிறார்கள் என்பதே அச்செய்தி. அப்படியான உருவங்கள் இருந்தன என்பதை எவராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் கண்டதாகச் சொல்ல ஆளிருந்தது. கேட்டதை நம்ப ஆயிரம் பேர் இருந்தனர். ஆலய மணி ஒலித்தது; கூட்டம் கூடியது; பொல்லுகளும் கற்களும் பேசின. ஓர் உயிர் பலியானது, பலர் காயமடைந்தனர்.

கைத்தொலைபேசியோ வானொலியோ இல்லாத காலம். செய்தித்தாள் வாசிப்போரும் சிலரே. சித்தி லெப்பையின் 'முஸ்லிம் நேசன்' வெளிவரத் தொடங்கி அப்போது மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆயினும் ஒருவரும் காணாத ஓர் உருவம் ஒரு நகரத்தின் ஒரு பகுதியையே தெருவுக்கு இழுத்து வந்தது. வதந்திக்குக் கருவி தேவைதான். ஆனால் வாய் போதும்.

அதன் பின் நடந்ததும் கவனிக்கத்தக்கது. விசாரணை நடந்தது, சாட்சியம் போதாது என்று தாக்கியவர்கள் தண்டனையின்றித் தப்பினர். நீதி கிடைக்கவில்லை என்ற மனக்குறையோடு பௌத்தர்கள் 1884இல் பாதுகாப்புக் குழுவொன்றை அமைத்தனர். கேர்ணல் ஒல்கொட் அவர்களுக்காக இலண்டன் சென்று முறையிட்டார். அம்முயற்சிகளின் பயனாக 1885இல் வெசாக் பௌர்ணமி பொது விடுமுறையாயிற்று. விடுமுறை கிடைத்தது; நீதி கிடைக்கவில்லை. குற்றம் செய்தவன் தண்டிக்கப்படாதபோது பாதிக்கப்பட்ட சமூகத்தின் கோபம் வேறெங்கோ போய்ச் சேர்கிறது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை முஸ்லிம்களாகிய நாம் 1915இல் அனுபவித்தோம்.

மேளத்தை நிறுத்திய அரசு

பிரித்தானிய அரசு ஓசையைக் கண்டு அஞ்சியது. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டப்படி தெருவில் மேளம் அடிப்பதற்கே அனுமதிப் பத்திரம் வேண்டும். வணக்கத் தலங்களின் முன்னால் மேளம் நிறுத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனை அப்பத்திரங்களில் இடம்பெறலாயிற்று. 1912இல் கம்பளை அம்பகமுவ வீதியில் இருந்த பள்ளிவாசலின் இரு புறமும் நூறு யார் தூரத்துக்கு வாத்தியம் இசைக்கக் கூடாது என்று வல்லஹாகொட தேவாலயப் பெரஹெரவுக்கு நிபந்தனை விதிக்கப்பட்டது. தேவாலயத்தார் வழக்குத் தொடுத்தனர். 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

சட்டத்தின்படி முஸ்லிம் தரப்பு வென்றது. அந்த வெற்றி எத்தனை நாள் நிலைத்தது? அதே ஆண்டு மே 28ஆம் திகதி வெசாக் இரவில் கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலின் முன்னால் தகராறு மூண்டது. சில நாட்களில் கலவரம் கொழும்பு வரையும் தென் பகுதி வரையும் பரவியது. முஸ்லிம்கள் விகாரைகளைத் தாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஊருக்கு ஊர் அதற்கு முன்னே ஓடியது. 4000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் உடைக்கப்பட்டன, முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். தேசாதிபதி சேர் றொபர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். அநாகரிக தர்மபாலவின் 'சிங்கள பௌத்தயா' தடை செய்யப்பட்டது. டி. எஸ். சேனநாயக்க உள்ளிட்ட சிங்களத் தலைவர்கள் சிறை வைக்கப்பட்டனர். விசாரணை என்ற பெயரில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஹென்றி பெதிரிஸ் மரண தண்டனைக்கு உள்ளானார்.

1915ஐ நினைக்கும்போது எமது கடைகளையும் உயிர்களையும் மட்டும் நினைப்பது முழு வரலாறு ஆகாது. அன்றைய அரசு கடுமையாக நடந்தது உண்மை. ஆனால் அக்கடுமை கொள்ளையனையும் நிரபராதியையும் பிரித்தறியவில்லை. அதன் விளைவாகக் கடை இழந்த முஸ்லிமின் கதை பின்தள்ளப்பட்டு, ஆட்சியாளரின் கொடுமையே நாட்டின் நினைவில் தங்கியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியதை எம்மவர் நெடுங்காலம் மறக்காததற்கும் இதுவே காரணம். கண்மூடித்தனமான அடக்குமுறை பாதிக்கப்பட்டவனுக்கு உதவுவதில்லை. அவனது நியாயத்தையும் சேர்த்தே அது புதைத்து விடுகிறது.

இடையில் 1983ஐயும் ஒரு சொல்லேனும் தொட்டுச் செல்ல வேண்டும். ஜூலை 25இல் வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நான்கு நாட்களின் பின், நிலைமை தணியத் தொடங்கிய வேளையில், 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற பேச்சு நகரெங்கும் பரவிற்று. மீண்டும் கொலைகள் நடந்தன. பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. உண்மைச் செய்தி அடைக்கப்பட்டிருந்த நகரில் பொய்ச் செய்திக்கு வீதி முழுவதும் சொந்தமாயிற்று.

அளுத்கமவும் திகனவும்

2014 ஜூன் 15இல் அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது நிலைமை வேறு விதமாக இருந்தது. பொதுபல சேனாவின் கூட்டத்தைத் தொடர்ந்து வன்முறை வெடித்தது. அன்றிரவு நாட்டின் பெரும்பாலான தொலைக்காட்சிகளும் வானொலிகளும் மௌனம் சாதித்தன. எரியும் வீடுகளின் படங்களையும் உதவி கேட்ட குரல்களையும் வெளியே கொண்டுவந்தது பேஸ்புக்கும் டுவிட்டரும்தான். அன்று அரசு இவற்றை முடக்கியிருந்தால் தர்கா நகரின் துயரம் தர்கா நகரோடு முடிந்திருக்கும். எமக்கு எதிராகப் பகையை வளர்த்த அதே ஊடகம்தான் எமக்குச் சாட்சியாகவும் நின்றது. இந்த இரட்டை முகத்தை மறந்துவிட்டு இவ்விடயத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

2018இல் முதற்பொறி அம்பாறையில் விழுந்தது. பெப்ரவரி 26 இரவு முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவில் கண்ட சிறு கட்டியைக் காட்டி, சிங்களவருக்குக் கருத்தடை மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கூட்டம் கூடியது. சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் மிரட்டலுக்கு நடுவே தடுமாறிச் சொன்ன பதில் ஒளிப்பதிவாகி, குற்ற ஒப்புதலாக பேஸ்புக்கில் பரவியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் பின்னர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. உண்ட மாத்திரத்தில் ஒருவரை மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் இல்லை என்று மருத்துவர்களும் விளக்கினர். 1883இல் எவரும் காணாத உருவம். 2018இல் எங்கும் இல்லாத மாத்திரை.

தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3இல் உயிரிழந்தார். அது குற்றம், சட்டம் அதனைக் கவனித்துக்கொண்டிருந்தது. ஆனால் பேஸ்புக்கில் மஹாசொன் பலகாய போன்ற அமைப்புகள் ஆட்களைத் திரட்டின. மார்ச் 5இல் திகன எரிந்தது. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். தடை வந்தது மார்ச் 7இல். அதாவது வீடு எரிந்து இரண்டு நாள் சென்ற பிறகு. கணினி அறிந்த இளைஞர்கள் வி.பி.என். வழியாக அதே தளங்களுக்குள் அன்றே நுழைந்தனர். மார்ச் 15 அளவில் எல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன.

பேஸ்புக் நிறுவனத்தின் பொறுப்பையும் இங்கே பேசியாக வேண்டும். முஸ்லிம்களைக் கொல்லச் சொல்லும் சிங்களப் பதிவுகளைப் பற்றிப் பலர் பல ஆண்டுகளாக முறையிட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டு எச்சரித்திருந்தது. விதிகள் மீறப்படவில்லை என்ற பதிலே பல முறை கிடைத்தது. காரணம் எளிது. இலட்சக்கணக்கானோர் சிங்களத்தில் எழுதிய தளத்தில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த கண்காணிப்பாளர் போதிய அளவில் இல்லை. 2018இன் கலவரத்தில் தன் தளம் வகித்த பங்குக்காக அந்நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு.

மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு

2019 ஏப்ரல் 21. 1883க்குப் பின் 136 ஆண்டுகள் கழிந்து இன்னோர் உயிர்த்த ஞாயிற்றில் கொட்டாஞ்சேனை மீண்டும் இரத்தம் கண்டது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதைச் செய்தவர்கள் எமது பெயர்களைத் தாங்கியவர்கள் என்ற வேதனை எம்மை இன்றும் விட்டு நீங்கவில்லை. சஹ்ரானின் வெறுப்புப் பிரசங்கங்கள் எமது தமிழ் மொழியிலேயே பேஸ்புக்கிலும் யூடியூபிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. காத்தான்குடி முஸ்லிம்களே முதலில் முறையிட்டனர். அரசும் கேட்கவில்லை, நிறுவனமும் கேட்கவில்லை. வெடித்த பின் அன்று பகலே சமூக ஊடகங்கள் மூடப்பட்டு ஏப்ரல் 30 வரை மூடியே இருந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த குடும்பங்கள் இலண்டனிலும் டொரொண்டோவிலும் மத்திய கிழக்கிலும் இருந்த தம் பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லும் வழியையும் சேர்த்தே இழந்தன.

மே மாதம் சிலாபத்தில் நடந்தது இன்னும் பாடமானது. முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக் உரையாடலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, பிறகு அழ நேரும் என்ற பொருள் தரும் வரி. பிள்ளையை அதட்டும் தாய் சொல்லக்கூடிய பேச்சு. அது அடுத்த தாக்குதலுக்கான முன்னறிவிப்பாக விளங்கிக்கொள்ளப்பட்டது. மே 12இல் அவரது கடையும் பள்ளிவாசல்களும் கல்லெறிக்கு இலக்காயின. 13ஆம் திகதி காலை பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அன்று மாலையும் இரவும் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சர் வெட்டிக் கொல்லப்பட்டார். முடக்கம் நடைமுறையில் இருந்த போதே இவை நடந்தன என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். லொறிகளில் ஆட்களை ஏற்றி வந்தவர்களுக்கு பேஸ்புக் தேவைப்படவில்லை. ஊரடங்கு வேளையில் அவர்களைத் தடுக்க பொலிஸார்தான் தேவைப்பட்டனர்.

அயலாரின் அனுபவம்

அயல் நாடுகளையும் பார்ப்போம். 2010 மே மாதம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை வரையும் போட்டியொன்று பேஸ்புக்கில் அறிவிக்கப்பட்டபோது லாகூர் மேல் நீதிமன்றத்தின் ஆணைப்படி பாகிஸ்தானில் அத்தளம் மாத இறுதி வரை முடக்கப்பட்டது. பங்களாதேஷும் அதே வேளையில் சில நாட்கள் முடக்கியது. 2012 செப்டெம்பரில் நாயகத்தை இழிவுபடுத்திய திரைப்படத் துண்டு வெளியானதும் பாகிஸ்தான் யூடியூபைத் தடை செய்தது. அத்தடை 2016 ஜனவரி வரை நீடித்தது. மூன்றாண்டுகளுக்கும் மேலாக மாணவன் பாடத்தை இழந்தான். ஆசிரியன் கற்பிக்கும் சாதனத்தை இழந்தான். அத்திரைப்படத்தை எடுத்தவனுக்கோ அதனால் ஒரு நட்டமும் இல்லை. எங்கள் நாயகத்தின் கண்ணியம் ஓர் இணையத் தளத்தின் திறப்பிலும் மூடலிலும் தங்கியிருப்பது போன்ற தோற்றமே மிஞ்சியது.

எமது நாட்டில் ஏனைய சமயத்தவரும் இவ்வழியில் நடந்திருக்கிறார்கள். கத்தோலிக்க ஆயர்களின் வேண்டுகோளின்படி 2006இல் 'டா வின்சி கோட்' திரைப்படம் தடை செய்யப்பட்டது. பௌத்த பிக்குகளைப் பற்றிய சிறுகதையொன்றை பேஸ்புக்கில் வெளியிட்டதற்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். அவர் மீது பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தைத் தழுவிய சட்டம். சிறுபான்மையினரை வெறுப்புப் பேச்சிலிருந்து காப்பதற்கான சட்டம் எழுத்தாளனின் கழுத்தில் விழுந்தது.

எமது கழுத்திலும் விழுந்தது. கொரோனா காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதை எதிர்த்து, பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் செய்வோம் என்று பேஸ்புக்கில் எழுதிய ஓய்வுபெற்ற அரச ஊழியர் றம்ஸி ராசிக், 'ஜிஹாத்' என்ற ஒரு சொல்லுக்காக 2020 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையிருந்தார். அவரது உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்கப் பணித்தது. ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் தமது 'நவரசம்' தொகுதிக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் அடங்கிய நூல் தீவிரவாத நூலாக வாசிக்கப்பட்டது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலான தடுப்புக் காவலின் பின் 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் இழந்த இளமை நாட்களுக்கு யார் பதில் சொல்வது?

நாம் எதைக் கேட்க வேண்டும்?

இந்நிகழ்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் இழை எல்லாவற்றிலும் ஓடுவதைக் காணலாம். அது மொழி. அம்பாறைக் கடைக்காரருக்குச் சிங்களம் புரியவில்லை. சிலாபத்துக் கூட்டத்துக்கு ஆங்கில வரி புரியவில்லை. பேஸ்புக்குக்குச் சிங்களமும் தமிழும் புரியவில்லை. கவிஞனைச் சிறையிட்டவர்களுக்கு அவனது தமிழ் புரியவில்லை. புரியாததை அச்சம் மொழிபெயர்க்கிறது. அச்சத்தின் மொழிபெயர்ப்பு எப்போதும் பிழையானது. முடக்கம் என்பது இந்தப் புரியாமையின் உச்ச வடிவம். அது எதையும் வாசிப்பதில்லை. கொலைக்கு அழைப்பவனையும், உதவிக்கு அழைப்பவனையும் ஒரே கணத்தில் ஊமையாக்குகிறது.

2022 ஏப்ரல் 3இல் அது இன்னும் வெளிப்படையாயிற்று. பொருளாதார நெருக்கடிக்கு எதிராக மக்கள் திரண்ட வேளையில், மதக் கலவரம் எதுவும் இல்லாத நிலையில், அதே கதவு மூடப்பட்டது. அன்றே திறக்க நேர்ந்தது. 2018இல் எமது பாதுகாப்புக்காகத் தயாரான பூட்டு நான்கு ஆண்டுகளில் ஆட்சியாளரின் பாதுகாப்புக்குப் பயன்பட்டது. 2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் மத உணர்வைப் புண்படுத்தும் பொய்க் கூற்றுகளைக் குற்றமாக்குகிறது. எது பொய், எது புண் என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் போகிறது என்பதை றம்ஸி ராசிக்கையும் அஹ்னாபையும் அறிந்த நாம் கேட்காமல் இருக்க முடியாது.

அதற்காக வெறுப்புப் பேச்சுக்குச் சுதந்திரம் கேட்பதாக யாரும் கருதலாகாது. கூட்டத்தைத் திரட்டியவன், தீ வைத்தவன், தீ வைக்கச் சொன்னவன் ஆகியோர் பெயரோடு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட வேண்டும். 2016இல் இஸ்லாத்தை இழிவாகப் பேசியதற்காக ஞானசார தேரருக்கு 2024 மார்ச்சில் கொழும்பு மேல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. எட்டு ஆண்டுகள் தாமதித்த தீர்ப்புத்தான். மேன்முறையீட்டுக்கும் உரிய தீர்ப்புத்தான். ஆயினும் அதுவே சரியான பாதை. பேசியவன் யார், என்ன பேசினான், அதனால் என்ன நேர்ந்தது என்பதை ஆராய்ந்து சொல்லும் பாதை. நாடு முழுவதின் வாயையும் கட்டுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

எமது பங்கும் இருக்கிறது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்து பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தை அல்ஹுஜுராத் அத்தியாயம் எமக்குக் கற்பித்திருக்கிறது. பிறர் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள் என்பதும் அல்குர்ஆனின் போதனைதான். மிம்பரில் நின்று இவற்றை ஓதும் நாம், வட்ஸ்அப் குழுவில் மறந்துவிடுகிறோம். பகிர்வதற்கு முன் வாசிப்பது, வாசித்ததை விசாரிப்பது என்ற பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. எமது பிள்ளைகள் சிங்களத்தையும், சிங்களப் பிள்ளைகள் தமிழையும் வாசிக்கக் கற்றுக்கொள்வதே வதந்திக்கு எதிரான மிகப் பெரிய அரண்.

அடுத்த முறை எமது மனம் புண்படும்போது, எதை மூடுவது என்று கேட்பதற்கு முன், யாரை விசாரிப்பது என்று கேட்போம். மூடிய கதவுக்குள் முதலில் மூச்சுத் திணறுவது எப்போதும் சிறுபான்மையினரே.